மூணு நிமிஷம், பத்து கம்பெனி: சான் ஃபிரான்சிஸ்கோ டைரி

ஏப்ரல் 26, 2025, சனி – ஃப்ரீமான்ட்

கோயம்புத்தூர்ல வீட்டுக் கதவைப் பூட்டினதுல இருந்து இங்க வந்து கால் நீட்டி உக்கார்ற வரைக்கும் முப்பது மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. நான் வந்து சேர்ந்துட்டேன், என் பொட்டி வரல. ஏர்போர்ட்ல அந்த பெல்ட் சுத்தி சுத்தி கடைசில நின்னே போச்சு, என்கூட நின்னுட்டிருந்த எல்லாரும் போயிட்டாங்க. கவுன்ட்டர்ல இருந்த அம்மா பொறுமையா ஒரு ஃபாரம் குடுத்து எழுத வெச்சு, கிளம்பும்போது "சாப்டீங்களா, முதல்ல போய் சாப்பிடுங்க"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைல பாதி கோவம் போயிடுச்சு. ஆனா பொட்டிக்குள்ளதான் ஜாக்கெட், மாத்துத் துணி, அதோட 200 விசிட்டிங் கார்டு, ஒரு கட்டு ப்ரோஷர். கையில மிச்சம் லேப்டாப் பை மட்டும்.

நாங்க கோவைல ஏழு பேர் சேர்ந்து நடத்துற சின்ன சைபர் செக்யூரிட்டி கம்பெனி. ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி, பம்ப்செட் பண்ற இடம், இங்கெல்லாம் இப்ப மெஷினு கேமரா எல்லாத்தையும் நெட்வொர்க்ல மாட்டிட்டாங்க, யாரு யாருகூட பேசுறாங்கன்னு ஓனருக்கே தெரியாது. அதைப் பாத்து சொல்ற ஒரு பாக்ஸ் பண்றோம். டெமோ பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாத மில்லே கிடையாது, சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் "வேற யாருங்க வாங்கிருக்காங்க?"ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, மூணு வருஷமா அந்தக் கேள்விலதான் நின்னுட்டிருக்கோம். சின்ன செக்யூரிட்டி கம்பெனிங்க இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுறாங்கன்னு நேர்ல பாக்கத்தான் இந்தப் பயணம். சான் ஃபிரான்சிஸ்கோல நடக்குற ஆர்எஸ்ஏ கான்ஃபரன்ஸ்னு பெரிய சைபர் செக்யூரிட்டி கூட்டத்துல வருஷா வருஷம் இன்னோவேஷன் சேண்ட்பாக்ஸ்னு ஒரு ஸ்டார்ட்அப் போட்டி நடக்கும், இந்த வருஷம் அதுக்கு இருபதாவது வருஷம்.

தங்குறது காலேஜ் நண்பன் வீட்டுல. அவங்கம்மா உடுமலைல இருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க. நான் நுழைஞ்சதும் சூடா அரிசிம்பருப்பு சாதம், மேல நெய், பக்கத்துல சுட்ட அப்பளம். இங்க கிடைக்கிற அரிசில அந்தக் குழைவு வராதுன்னு அவங்களுக்கு வருத்தம், எனக்கு ஒண்ணும் தெரியல, மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "என்ன விசயமா வந்த கண்ணு?"ன்னு கேட்டாங்க. நெட்வொர்க், ஃபயர்வால், ரான்சம்வேர்னு பத்து நிமிஷம் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு "சரி கண்ணு, சாதம் ஆறுது"ன்னாங்க.

ஏப்ரல் 27, ஞாயிறு – குளிர்

ஏப்ரல் கடைசின்னா நமக்கு அக்னி நட்சத்திரம் வாசல்ல நிக்கிற நேரம். இங்க பவல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் படியேறி வெளிய வந்ததும் ஒரு காத்து அடிச்சுச்சு, சட்டையைத் தாண்டி எலும்புக்கே போயிடுச்சு. வெயில் இருக்கு, ஆனா அதுல சூடு இல்ல. வெளியூர்க்காரங்களுக்கு விக்கிற ஒரு கடைல முன்னாடி ஊர் பேரு போட்ட ஹூடி 28 டாலருக்கு வாங்கினேன். கடைக்காரர் நேபாளம். நான் நடுங்குறதைப் பாத்துட்டு பில் போடுறதுக்கு முன்னாடியே "மாட்டிக்கோங்க, காசு அப்புறம்"னு சொன்னாரு. வெளியூர்ல இப்படி ஒரு ஆள் போதும்.

காபி 6 டாலர், நம்ம கணக்குல 500 ரூபாய்க்கு மேல. அதுக்கப்புறம் ஒரு ஸ்கிரீனைத் திருப்பி 18, 20, 22 சதவீதம்னு டிப் கேக்குது. முதல் தடவை எதை அமுக்குறதுன்னு தெரியாம நின்னேன், பின்னாடி நின்ன பெரியவரு "அவசரமே இல்ல, நிதானமா பண்ணுங்க"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை பிசைட்ஸ் எஸ்எஃப்னு இன்னொரு கூட்டம் இருந்துச்சு, மெட்ரியான் மால்ல, சினிமா தியேட்டர் ஹால்லயே பேச்சு நடக்குது. இது கம்பெனிக்காரங்க நடத்துறது இல்ல, செக்யூரிட்டில வேலை பாக்குறவங்களே தன்னார்வமா சேர்ந்து நடத்துறது. பெரிய திரைல கோடு ஓடிட்டிருக்கும், தியேட்டர் சீட்ல சாஞ்சு உக்காந்து நோட்ஸ் எடுக்குறாங்க. நாளைக்கு அந்தப் போட்டி மேடை ஏறப் போற பத்து கம்பெனிங்களைப் பத்தி இங்க ரெண்டு மூணு பேர்கிட்ட பேச்சு குடுத்தேன். எல்லாரும் ஒரே மாதிரி ஒண்ணு சொன்னாங்க: யாரு ஜெயிக்கிறாங்கங்குறதை விட அந்தப் பத்துல யாரு இருக்காங்கன்னு பாரு.

அவங்க சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை இல்ல. 2021ல ஜெயிச்சது அபிரோ. அதே வருஷம் அந்தப் பத்துல ஒண்ணா நின்னு ஜெயிக்காம இறங்கின இன்னொரு கம்பெனி விஸ். அதைத்தான் போன மாசம் கூகுள் 3,200 கோடி டாலருக்கு வாங்கப் போறதா அறிவிச்சிருக்கு.

ஏப்ரல் 28, திங்கள் – மாஸ்கோனி

ராத்திரி ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு, தூக்கம் வரல, அஞ்சு மணிக்கே குளிச்சுக் கிளம்பிட்டேன், அதே பேண்ட், அதே ஹூடி. ஃப்ரீமான்ட்ல இருந்து பார்ட் ரயில், முக்கால் மணி நேரத்துக்கு மேல. கடலுக்கு அடில குழாய்க்குள்ள போகும்போது ஒரு ஊளைச் சத்தம் வருது, காது அடைக்குது, யாரும் தலைகூட நிமிரல.

கான்ஃபரன்ஸ் நடக்குற மாஸ்கோனி சென்டர் வாசல்ல கூட்டம்னா கூட்டம், கழுத்துல பட்டை மாட்டின ஆளுங்க தெரு முழுக்க. இந்த வருஷம் கிட்டத்தட்ட 44,000 பேர். 1991ல, தகவலைக் குறியீடா மாத்திப் பூட்டுற கிரிப்டோகிராஃபி ஆளுங்க கொஞ்சம் பேர் கூடிப் பேசினதா ஆரம்பிச்ச கூட்டம் இன்னைக்கு இப்படி நிக்குது.

போட்டிக்கு வர்றேன். விதி ரொம்ப சிம்பிள். பத்து கம்பெனி. ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம், அப்புறம் நடுவர்கள் கேள்வி. நடுவர்களா வர்றது முதலீட்டாளருங்களும், பெரிய கம்பெனில செக்யூரிட்டி பொறுப்புல இருக்கிறவங்களும், டெக்னாலஜி தெரிஞ்சவங்களும். கீழ உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப்பேர் காசு வெச்சிருக்கிறவங்க, மீதிப்பேர் வாங்கப் போறவங்க. அதாவது நாங்க வருஷக்கணக்கா கதவு தட்டித் தேடுற ஆளுங்க மொத்தப் பேரும் ஒரே ஹால்ல.

மேடைல ஒரு கடிகாரம் ஓடுது, மூணுல இருந்து கீழ இறங்குது. எனக்கு முன் வரிசைலயே இடம் கிடைச்சதால ஒருத்தரோட கையைப் பக்கத்துல பாக்க முடிஞ்சுச்சு. பேச்சு தெளிவா வருது, குரல்ல ஒரு நடுக்கம் இல்ல, ஆனா ரிமோட் பிடிச்ச கையோட கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருக்கு, அவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்காரு. கடைசிப் பத்து செகண்ட்ல ஒரு ஸ்லைடை அப்படியே தாண்டிட்டாரு. அந்த ஸ்லைடுக்கு எத்தனை ராத்திரி உக்காந்திருப்பாருன்னு எனக்குத் தெரியும், நானும் உக்காந்திருக்கேன். அதை விட்டுக்குடுத்துட்டு, சொல்ல வேண்டிய கடைசி வரியைச் சொல்லி முடிச்சாரு. கை தட்டினேன், கண்ணு கலங்கிடுச்சு, உண்மையா சொல்றேன்.

பத்துல பாதிக்குப் பாதி ஏஐ பத்தினதுதான். ஆபீஸ்ல ஆளுங்க எந்த ஏஐ கருவில என்னத்தைப் போடுறாங்கன்னு பாக்குறது ஆராஸ்கேப். கம்பெனிக்குள்ள இருக்குற சாட்பாட் யாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு கட்டுப்படுத்துறது நாஸ்டிக். மெட்டல்வேர்னு ஒண்ணு, கருவிகளுக்குள்ளயே பதிஞ்சு அதை ஓட்டுற ஃபர்ம்வேர்ங்குற சாஃப்ட்வேர்ல ஓட்டை தேடுறது, எங்க வேலைக்கு ரொம்பக் கிட்ட, அதனால நாற்காலி நுனிக்கே வந்துட்டேன். ஸ்மால்ஸ்டெப் ஒவ்வொரு லேப்டாப்பும் நம்மளுதுதானான்னு டிஜிட்டல் சர்டிஃபிகேட் வெச்சு உறுதி பண்றது.

கேள்வி நேரம்தான் எனக்குப் பாடம். நடுவர்கள் டெக்னாலஜி எவ்வளவு பெருசுன்னு கேக்கல. இதை யாரு காசு குடுத்து வாங்குவா, ஒரு பெரிய கம்பெனி நாளைக்கு இதையே சும்மா குடுத்தா நீ என்ன பண்ணுவ, உன் சாஃப்ட்வேரே உடைஞ்சா கஸ்டமருக்கு என்ன ஆகும், கேள்வியெல்லாம் இந்தப் பக்கம்தான் சுத்துச்சு. எங்க மில் ஓனருங்க கேக்குறதும் இதுதான், பாஷை மட்டும்தான் வேற.

ஜெயிச்சது ப்ராஜெக்ட்டிஸ்கவரி. பேர் சொன்னதும் நான் எந்திரிச்சே நின்னுட்டேன். இவங்க நியூக்ளியைன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவி, அதாவது கோடு எல்லாருக்கும் திறந்திருக்குற கருவி வெச்சிருக்காங்க, ஒரு சர்வர்ல தெரிஞ்ச ஓட்டை ஏதாவது இருக்கான்னு தேடும். எப்படித் தேடணும்னு சொல்றது டெம்ப்ளேட்னு ஒரு சின்ன ஃபைல், யார் வேணும்னாலும் எழுதலாம், உலகம் முழுக்க ஆளுங்க எழுதிக் குடுத்துட்டே இருக்காங்க. 2021ல ஒரு மில்லோட சிசிடிவி ரெக்கார்டர்ல யூசர்நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்னு இருந்துச்சு. அதே மாடல் வேற எங்கெல்லாம் அப்படியே கிடக்குன்னு பாக்க நான் ஒரு டெம்ப்ளேட் எழுதினேன். மேல ஒரு ஐடி, அதுக்குக் கீழ எவ்வளவு ஆபத்துன்னு ஒரு வரி, எந்த லாகின் பக்கத்துக்கு என்ன அனுப்பணும், பதில்ல எந்த வார்த்தை வந்தா ஓட்டைன்னு அர்த்தம், மொத்தமே இருபது வரி சொச்சம். அந்த மில்லுல மட்டும் நாலு ரெக்கார்டர் மாட்டுச்சு. காசு குடுக்காம நாங்க தினமும் எடுத்து வேலை பாக்குற கருவிய பண்ணவங்க, ஓட்டையைக் கண்டுபிடிச்சு சொன்னா கம்பெனிங்க காசு குடுக்குற பக் பவுன்ட்டி பழக்கத்துல இருந்து வந்தவங்க, நிறுவனர்கள்ல நம்ம நாட்டு ஆளுங்களும் உண்டு, அவங்க அந்த மேடைல நிக்கிறாங்க. வேலை செய்றவன் கைல பழகின பொருளுக்கு வாங்குறவன் முன்னாடி ஒரு மரியாதை கிடைச்ச நாள் இது.

வெளிய வந்து பக்கத்துல இருக்குற எர்பா புவெனா தோட்டத்துல மார்ட்டின் லூதர் கிங் நினைவா கட்டியிருக்குற அருவி பக்கத்துல உக்காந்து வீட்டுல கட்டிக் குடுத்த தயிர் சாதம் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய் – விசிட்டிங் கார்டு இல்லாத மனுஷன்

பொட்டி இன்னும் வரல. அதனால எக்ஸ்போல என் கைல குடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. 600க்கு மேல கம்பெனி ஸ்டால். பெரிய ஸ்டால்ல வெளிச்சம், காபி மெஷின், மேஜிக் பண்றவர்கூட இருந்தாரு. சின்னக் கம்பெனிங்களுக்குன்னு எர்லி ஸ்டேஜ் எக்ஸ்போன்னு தனி இடம் ஒதுக்கியிருக்காங்க, அங்க ஒரு சின்ன மேஜை, ஒரு ஸ்கிரீன், ரெண்டு பேர், அவ்வளவுதான். நான் நாள் முழுக்க அங்கதான் கிடந்தேன். கார்டு இல்லாததால ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயாலதான் சொல்லியாகணும். முதல் ஆள்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசினேன், அவரு பார்வை தோளுக்குப் பின்னாடி போயிடுச்சு. நாலாவது ஆள்கிட்ட ரெண்டு நிமிஷம். சாயங்காலத்துக்குள்ள, "பழைய மெஷினுக்குள்ள எதையும் போடாம, அது யாருகூட பேசுதுன்னு மட்டும் பாத்து சொல்வோம்" அப்படிங்குற வரிக்கு வந்திருந்தேன். அதைக் கேட்டதும் ஒருத்தர் "எதையும் போட மாட்டீங்களா?"ன்னு திருப்பிக் கேட்டாரு. மூணு வருஷ ப்ரோஷர்ல அது எட்டாவது பாயின்ட்டா இருந்துச்சு.

முன்னாடி ஒரு வருஷம் அந்தப் பத்துல நின்ன ஒருத்தரை அங்க பாத்தேன், பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். மத்த சாஃப்ட்வேர் மாதிரி இல்ல செக்யூரிட்டி. கணக்கு சாஃப்ட்வேர் சரியில்லைன்னா கணக்கு தப்பும், அவ்வளவுதான். செக்யூரிட்டி சாஃப்ட்வேர் வாங்குறவன் தன் வீட்டுச் சாவியையே குடுக்கறான், தப்பான ஆள்கிட்ட குடுத்தா வேலையே போயிடும். அதனால புதுக் கம்பெனின்னா பயம். அந்த மேடைல நின்னதும், "இவங்களை விவரம் தெரிஞ்சவங்க கேள்வி கேட்டுப் பாத்திருக்காங்க"ங்குற ஒரு நம்பிக்கை வருது. அவருக்கு அதுவரைக்கும் பதிலே போடாத ஒரு பேங்க், அடுத்த வாரமே மீட்டிங் குடுத்துச்சாம். அதோட இன்னொண்ணும் சொன்னாரு. வந்த விசாரிப்புக்கெல்லாம் பதில் சொல்ல சேல்ஸ்ல ரெண்டே பேர்தான் இருந்தாங்க, பாதிக்கு மேல கோட்டை விட்டுட்டோம், மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஆளு சேத்துக்கோன்னு.

ஜெயிச்சவங்க கதை எல்லாம் கைல இருக்கு. 2016ல ஜெயிச்ச ஃபேன்டமை 2018ல ஸ்பிளங்க் வாங்குச்சு. 2022ல ஜெயிச்ச டேலனை அடுத்த வருஷமே பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ் எடுத்துக்கிச்சு. 2018 பிக்ஐடி, 2019 ஆக்ஸோனியஸ் ரெண்டும் யாருக்கும் விக்காம தனியாவே வளர்ந்து நிக்குது. இருபது வருஷத்துல பத்துக்குள்ள வந்த கம்பெனிங்கள்ல 90க்கு மேல கைமாறியிருக்கு, எல்லாமா சேத்து 1,600 கோடி டாலருக்கு மேல முதலீடு வாங்கியிருக்குன்னு நடத்துறவங்களே கணக்கு சொல்றாங்க. எல்லாம் போட்டியால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், நல்ல கம்பெனியா பாத்துத்தானே எடுக்குறாங்க. ஆனா தள்ளி விட ஒரு கை தேவைப்படுதுல்ல.

பேச்சு சுவாரஸ்யத்துல நேரம் பாக்கல. ஃப்ரீமான்ட்டுக்கு நேரா போற ரயில் ராத்திரி லேட்டா கிடையாதுன்னு தெரியாது. நடுவுல இறங்கி மாறணும்னு ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் இறங்கினேன், அவங்களும் அதே வழி. பிளாட்பாரம் மேல உயரத்துல, நாலா பக்கமும் காத்து. அவங்க பையில இருந்து ஆரஞ்சு ஒண்ணு எடுத்துப் பாதி குடுத்தாங்க. ஃபிலிப்பைன்ஸ்காரங்க, பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றாங்க. வீடு வரும்போது மணி பன்னெண்டு.

ஏப்ரல் 30, புதன் – பரீட்டோவும் காசும்

பொட்டி வந்துடுச்சு! சக்கரம் ஒண்ணு உடைஞ்சிருக்கு, உள்ள எல்லாம் பத்திரம். கார்டு கட்டைப் பிரிக்கவே தோணல.

மதியம் மிஷன்னு ஒரு ஏரியா பக்கம், 24வது தெரு. பரீட்டோங்குற மெக்சிகன் ரொட்டிச் சுருள் ஒண்ணு 14 டாலர், ஒரு கைல பிடிக்க முடியாது, சின்னக் குழந்தை கனம். உள்ள சோறு, பீன்ஸ், கோழி, பச்சைச் சட்னி. காரம் வேணுமான்னு கடைக்கார அக்கா கேட்டாங்க, வேணும்னேன், என்னை ஒரு தடவை பாத்துட்டு தனியா ஒரு கிண்ணத்துல வறுத்த மிளகா குடுத்தாங்க. மூணு நாளைக்கு அப்புறம் நாக்குக்கு உசுரு வந்துச்சு.

சாப்பிட்டுட்டே ஒரு விஷயம் யோசிச்சேன். இந்த வருஷத்துல இருந்து பத்துல வர்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் 50 லட்சம் டாலர் வருது. கேக்க நல்லாருக்கு. ஆனா அது கப்பு மாதிரி குடுக்குற பரிசு இல்ல, முதலீடு. குடுக்குறது கிராஸ்பாயின்ட் கேப்பிட்டல், 2022ல இருந்து இந்தக் கான்ஃபரன்ஸ்லயே பங்கு வெச்சிருக்கிறவங்க. போட்டி நடத்துறவங்களும் பங்கு எடுக்குறவங்களும் ஒரே வீட்டு ஆளுங்களா இருக்குறது எனக்கு நெருடலா இருக்கு. பொருள் நல்லாருக்குன்னு சொல்ற வாய்க்கு அந்தப் பொருள்ல பங்கு இருக்கக் கூடாது. நான் பேசின சில சின்னக் கம்பெனிக்காரங்களும் இதைப் பத்தி ரெண்டு மனசாத்தான் இருந்தாங்க.

நம்ம ஊர்ல 2020ல மத்திய ஐடி அமைச்சகமும் டிஎஸ்சிஐங்குற இந்திய டேட்டா செக்யூரிட்டி கவுன்சிலும் சேர்ந்து நடத்தின சைபர் செக்யூரிட்டி கிராண்ட் சேலஞ்ச் இந்த இடத்துல வேற மாதிரி. மொத்தம் 3.2 கோடி ரூபாய். ஐடியா நல்லாருந்தா 12 டீமுக்குத் தலா 5 லட்சம், அதுல மாதிரி செஞ்சு காட்டுற 6 டீமுக்குத் தலா 10 லட்சம், கடைசில ஜெயிக்கிறவங்களுக்கு 1 கோடி, அடுத்து 60 லட்சம், 40 லட்சம். பங்கு எதுவும் எடுக்கல, செஞ்ச பொருளோட உரிமையும் செஞ்சவங்களுக்கே. ஒரு நாள் மேடை இல்ல, படிப்படியா வேலை செய்ய வெச்சு பாக்குறது. எங்களை மாதிரி ஏழு பேருக்கு 5 லட்சம்னா ரெண்டு மாசச் சம்பளம், வாடகை, ஒரு டெஸ்ட் மெஷின். அப்ப நாங்க கம்பெனியே ஆரம்பிக்கல. இப்ப ரெண்டாவது சுத்து, 6.85 கோடின்னு ஜனவரில அறிவிச்சிருக்காங்க. நம்மளுதுல இல்லாதது ஒண்ணுதான், அந்த ஹால். பரிசு குடுக்குற அன்னைக்கு எதிர்ல வாங்குறவங்க, மில்லுக்காரங்க, ஆஸ்பத்திரிக்காரங்க, கூட்டுறவு பேங்க்காரங்க உக்காரணும். கோவை கொடீசியா அரங்கத்துல அப்படி ஒரு நாள் நடந்தா நான் சேர் தூக்கிப் போடக்கூட வருவேன்.

மே 1, வியாழன் – கிளம்புற நாள்

காலைல சைனா டவுன் போய் முட்டை டார்ட் ரெண்டு, வெளிப்பக்கம் பொறபொறன்னு, உள்ள சுடச்சுட. மதியத்துக்குள்ள ஃப்ரீமான்ட் வந்துட்டேன். நண்பனோட அம்மா எனக்காக பருத்திக்கொட்டைப் பால் காய்ச்சியிருந்தாங்க. பருத்திக்கொட்டை இங்க எங்க கிடைச்சுதுன்னு கேட்டேன், ஊர்லருந்தே கொண்டாந்ததாம்.

"நீ என்ன வேலை பாக்கறேன்னு அன்னைக்கு சொன்னியே கண்ணு, எனக்கு ஒண்ணும் புரியல, இன்னொருக்கா சொல்லு"ன்னாங்க.

"அம்மா, மில்லுல இருக்குற மெஷினெல்லாம் இப்ப ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. வேத்தாளு யாராச்சும் நடுவுல வந்து பேசினா ஓனருக்கு உடனே சொல்லுவோம். மெஷினைத் தொடவே மாட்டோம்."

கொஞ்ச நேரம் டம்ளரை ஆத்திட்டே இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் உடுமலைல மில் சூப்பர்வைசரா இருந்தவரு, அது எனக்கு அப்பத்தான் தெரியும்.

"அப்ப மில்லுக்குள்ள யாரு யாருகூட பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"ஆமாம்மா."

"அதை நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

ஏர்போர்ட் போற வழியெல்லாம் அதுதான் ஓடிட்டிருந்துச்சு. எங்க பாக்ஸ் எடுக்குற தகவல் மில்லை விட்டு வெளிய போகுதா? இப்ப போகுது, எங்க சர்வருக்கு. போகாம பண்ண முடியுமா? முடியும், ரெண்டு மாச வேலை. ப்ளேன் ஏறுறதுக்கு முன்னாடி ஆபீஸ் க்ரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போட்டேன்: "திங்கக்கிழமைல இருந்து தகவல் எல்லாம் மில்லுக்குள்ளயே தங்குற மாதிரி மாத்துற வேலைய ஆரம்பிக்கிறோம். யாரு கேட்டாங்கன்னு வந்து சொல்றேன்."